பெயரும் பெயரனும்

கெடா மாநிலத்தின் தென்பாதியில், சுங்கைப்பட்டாணியையும் கூலிமையும் குவாலா கெட்டிலையும் பீடோங்கையும் ஒன்றோடொன்று பிணைக்கும் சாலைகளில் பிரயாணம் செய்கிற ஒருவர், ஒரு காலத்தில் பால்மரமும் இன்று பெரும்பாலும் செம்பனையுமாக இருபுறமும் ஓடி மறையும் நிரைகளுக்கு நடுவே, கிளைச்சாலைகள் பிரியும் முகப்புகளில் நடப்பட்டிருக்கும் பலகைகளைச் சற்று நிதானித்துப் படித்துக்கொண்டே போவாரேயானால், தாம் மலாய் நாட்டில் இருக்கிறோமா, பிரிட்டிஷ் தீவுகளின் தேசப்படத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறோமா என்று ஒரு கணம் மயங்கக்கூடும். ஹார்வர்ட், ஸ்கார்பரோ, பாடெனோக், டப்ளின், விக்டோரியா, ஹென்ரியேட்டா: இவற்றுள் சில ஊர்ப்பெயர்கள், சில பெண்களின் பெயர்கள், ஊராகப் பிறந்து, குடும்பப்பெயராக வளர்ந்து, கடல் கடந்தபின் மறுபடியும் ஊராகிப்போனவையும் உண்டு. இப்பெயர்களைக் கொண்டுவந்த துரைமார் போய்விட்டார்கள். தோட்டங்கள் கைமாறின, பல துண்டாடப்பட்டன. பெயர்கள் மட்டும் போகவில்லை. அவற்றைப் போகவிடாமல் காத்து நிற்பவற்றுள் முக்கியமானவை, விசித்திரம் என்னவென்றால், தமிழ்ப்பள்ளிகள். ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி, பாடெனோக் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஹென்ரியேட்டா தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று, அந்நியரின் பெயர்களை நம் பிள்ளைகள் தங்கள் சட்டைப்பையின் மேல் தைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

அத்தகைய பள்ளி ஒன்றின் மாணவர் பதிவேட்டை மனத்தில் விரித்துப் பாருங்கள். வாசற்பலகையில் இருக்கும் பெயருக்கு ஐந்நூறு, அறுநூறு ஆண்டு வயது. பதிவேட்டின் உள்ளே இருக்கும் பெயர்களோ ஒவ்வொன்றும் இரண்டே தலைமுறை ஆழமுள்ளவை: இன்னார், தந்தை பெயர் இன்னார். மலாயில் அதை ‘அனாக் லெலாக்கி’ என்றும், பெண்ணானால் ‘அனாக் பெரம்புவான்’ என்றும் எழுதி, இடையில் ஒரு சாய்கோடிட்டுச் சுருக்குவார்கள். தமிழில் ‘த/பெ’ என்பார்கள். அந்தச் சாய்கோட்டுக்கு அப்பால் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். பாட்டன் பெயருக்கு அங்கே இடமில்லை. பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினான் என்பதற்கு இடமிருக்க நியாயமே இல்லை. பெயர்களை வைத்து வம்சங்களின் பிரயாணத்தை ஆராயும் சாஸ்திரம் மேல்நாட்டில் நன்கு வளர்ந்திருக்கிறது. அந்த சாஸ்திரம் இந்தப் பதிவேட்டின் முன் வந்து நிற்கும்போது என்ன செய்யும் என்பதே இந்த அத்தியாயத்தின் விசாரணை.

முதலில் ஆங்கிலேயரின் பெயரைப் பார்ப்போம். குடும்பப்பெயர் என்பது அவர்களுக்கும் ஆதியிலிருந்தே வாய்த்த சொத்து அன்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபோது அந்நாட்டுக் குடியானவர்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயரோடுதான் வாழ்ந்தார்கள். வில்லியம் என்றும் ஜான் என்றும் ஒரே பெயரை ஊரில் பத்துப் பேர் தாங்கத் தொடங்கியபின், அவர்களைப் பிரித்தறிய அண்டை அயலார் ஒட்டிய அடைமொழிகளே பிற்காலத்தில் குடும்பப்பெயர்களாக இறுகின. தொழிலால் கொல்லன் ஒருவன் ஸ்மித் ஆனான். தகப்பனால் ஒருவன் ஜான்சன் ஆனான். குடியிருந்த இடத்தால் ஒருவன் ஹில் ஆனான். உடற்குறையையோ சுபாவத்தையோ சுட்டிய கேலிப்பெயரும் தங்கிவிட்டது. இவை தந்தையிடமிருந்து மகனுக்குப் பரம்பரையாகச் செல்லும் வழக்கம் பிரபுக்களிடம் தொடங்கி, பதினான்காம் நூற்றாண்டின் முடிவுக்குள் சாமானியரிடமும் பரவியது. நிலம் கைமாறும்போது எழுதப்பட்ட பத்திரங்களும், 1377 முதல் 1381 வரை மூன்று முறை தண்டப்பட்ட தலைவரியின் பட்டியல்களும் இப்பெயர்களைப் பதிவு செய்து நிலைக்கச் செய்தன. வரி கட்டாமல் ஒளியமுடியாதபடி அரசன் செய்த ஏற்பாடு, பிற்காலத்து ஆராய்ச்சியாளனுக்குப் புதையலாயிற்று.

கெடாவின் பலகைகளில் தொங்கும் பெயர்களிலேயே இந்தச் சரித்திரம் முழுவதையும் படித்துவிடலாம். ஸ்கார்பரோ என்பது யார்க்‌ஷயர் கடற்கரை நகரம். அதன் பெயருக்குப் பழைய ஐஸ்லாந்துக் கதைகள் சொல்லும் காரணம், பத்தாம் நூற்றாண்டில் அங்கே கோட்டை அமைத்த நார்ஸ்காரன் ஒருவனுக்கு உதடு பிளந்திருந்ததால் ‘ஸ்கார்தி’ என்ற பட்டப்பெயர் இருந்ததென்பதும், அவன் கோட்டையே ஸ்கார்பரோ ஆயிற்றென்பதும். கதையை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். நம்பினால், ஒருவனைக் கேலி செய்த சொல் நகரமாகி, அந்நகரிலிருந்து வெளியேறியவர்களின் குடும்பப்பெயராகி, சுங்கைப்பட்டாணியில் ரப்பர்த் தோட்டமாகி, அங்கே பால் வெட்டியவர்களின் பேச்சில் அன்றாடப் பிரயோகமாகியிருக்கிறது. பாடெனோக் என்பது ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஸ்பே ஆற்றின் கரையில் அமைந்த ஒரு சீமை; கேலிக் மொழியில் ‘நீரில் அமிழ்ந்த நிலம்’ என்று பொருள் கூறுவர். அங்கிருந்து வெளியூர் போனவர்களை வெளியூரார் ‘பாடெனோக்’ என்றே அழைத்தார்கள். சொந்த ஊரில் இருப்பவனை எவரும் ஊர்ப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஊரை விட்டவனுக்குத்தான் ஊர் பெயராகும். ஆகவே ஊர்வழிக் குடும்பப்பெயர் எதுவாயினும், அது ஒரு புலப்பெயர்வின் சாட்சியம். தமிழில் ‘பெயர்’ என்பது நாமத்தையும் குறிக்கிறது, இடம் விட்டு நகர்தலையும் குறிக்கிறது. சொல்லிலக்கணக்காரர் இரண்டையும் ஒரு வேராகக் கொள்ளாவிட்டாலும், இந்தத் துறையில் இறங்கியவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன.

ஹார்வர்ட் என்ற பெயரின் கதை இன்னும் ரசமானது. ‘ஹெரவர்ட்’ என்ற பழைய ஆங்கிலப் பெயரின் திரிபு அது; சேனையைக் காப்பவன் என்று பொருள். அப்பெயரை உலகறியச் செய்த ஜான் ஹார்வர்ட், லண்டனை அடுத்த சதர்க்கில் 1607-இல் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். 1625-இல் பரவிய கொள்ளைநோய் அவருடைய தந்தையையும் உடன்பிறந்தோர் பலரையும் கொண்டுபோயிற்று. 1637-இல் அவர் மனைவியோடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குக் குடியேறி, அடுத்த ஆண்டே காசநோயால் இறந்தார். தம் சொத்தில் பாதியையும் நானூறு நூல்களையும் அங்கே புதிதாக ஆரம்பிக்கப்பட்டிருந்த கல்லூரிக்கு எழுதிவைத்தார். 1639-இல் அக்கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவருக்குச் சந்ததி இல்லை. ரத்த வழியில் அவரோடு முடிந்துபோன பெயர், கல்வியின் வழியில் பூமியைச் சுற்றி வந்து, பீடோங்கை அடுத்த தோட்டம் ஒன்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு பெயர் ரத்த வழியில் முடிந்துபோவது அபூர்வமா, சகஜமா என்ற கேள்வியைக் கணித ரீதியாக முதலில் கிளப்பியவர்களுள் பிரான்சிஸ் கால்டன் முக்கியமானவர். இங்கிலாந்தின் பெருங்குடிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழிந்துவருவதைக் கண்டு, பெரிய இடத்து மனிதர்களின் இனவிருத்தி சக்தி குன்றிவிட்டதோ என்று பலரும் கவலைப்பட்ட காலம் அது. கால்டன் 1873-இல் இதை ஒரு பத்திரிகையில் புதிராக வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணக்கிட்டு விடையனுப்பினார். இருவரும் சேர்ந்து கட்டுரையாக்கினார்கள். அந்தக் கணக்கின் சாரத்தை தொழிலாளர் வரிசைவீடுகளான ஒரு தோட்டத்து லயத்தை வைத்தே விளக்கிவிடலாம். வேறுவேறு குடும்பப்பெயர் கொண்ட நூறு ஆண்கள் ஒரு தோட்டத்தில் வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் கால்பங்கினருக்கு ஆண்பிள்ளை இல்லை, பாதிப்பேருக்கு ஒன்று, மீதிக் கால்பங்கினருக்கு இரண்டு. ஆக, சராசரி ஆளுக்கு ஓர் ஆண்பிள்ளை. ஜனத்தொகை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இதே விகிதம் ஒவ்வொரு தலைமுறையிலும் தொடர்ந்தால், முதல் தலைமுறை முடிவில் எஞ்சும் குடும்பப்பெயர்கள் 75; இரண்டாவதன் முடிவில் 61; மூன்றாவதில் 52; நான்காவதில் 45; ஐந்தாவதில் 40. லயத்தில் ஆட்கள் குறையவேயில்லை. பெயர்கள் மட்டும் உதிர்ந்துகொண்டே போகின்றன. காலம் போதுமானால் எல்லாம் உதிரும். சராசரியைச் சற்று உயர்த்திப் பாருங்கள்: கால்பங்கினருக்கு இல்லை, கால்பங்கினருக்கு ஒன்று, பாதிப்பேருக்கு இரண்டு, அதாவது சராசரி ஒன்றேகால். குடிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகுகின்றன; அப்படியிருந்தும் ஒரு பெயர் என்றாவது ஒருநாள் அழிந்துபோவதற்கான வாய்ப்பு சரிபாதி. யாருடைய சக்தியும் குன்றவேண்டியதில்லை, தற்செயலே போதும். பெருகும் குலத்தில் சில பெயர்கள் நிரந்தரமாகத் தப்பிக்கும் என்ற பகுதியை மட்டும் வாட்சன் தவறவிட்டு, எல்லாமே அழியும் என்று எழுதிவிட்டார். நல்ல கணிதக்காரர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. 1930-இல் டென்மார்க்கின் ஸ்டெஃபென்சன் அதைத் தெளிவாகத் திருத்தினார். இன்று அணுப்பிளவின் சங்கிலித்தொடரையும் தொற்றுநோயின் பரவலையும் கணிக்க உதவுவது குடும்பப்பெயரின் சாவை ஆராயப் பிறந்த இந்தச் சூத்திரமே.

தப்பிய பெயர்களுக்கு மற்றொரு பிரயோஜனம் உண்டு. ஆணின் அணுக்களில் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. ஆங்கிலேயரின் குடும்பப்பெயரும் அதே வழியில்தான் செல்கிறது. இரண்டும் ஒன்றாகப் பிரயாணம் செய்தால், ஒரே பெயருடையோர் ஒரே குரோமோசோமைத் தாங்கவேண்டும் அல்லவா? ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பிரையன் சைக்ஸ் இதைத் தம் பெயரிலேயே சோதித்தார். சைக்ஸ் என்றால் மேட்டுநிலத்து நீரோடை. யார்க்‌ஷயரின் மேற்குப்பகுதியில் அத்தகைய ஓடைகள் அநேகம். ஆகவே பலர் தனித்தனியே அப்பெயரைப் பெற்றிருக்கக்கூடும் என்பதே அனுமானம். ஆனால் 2000-ஆம் ஆண்டில் வெளியான அவர் ஆராய்ச்சியில், ஒருவருக்கொருவர் உறவென்று அறியாத 48 சைக்ஸ்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரே வகைக் குரோமோசோமை உடையவர்களாக இருந்தார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓடைக்கரையில் இருந்த ஒரே மனிதனின் சந்ததி அவர்கள் என்பது பிரத்தியட்சமாயிற்று. மற்றவர்கள் வெளியேயிருந்து எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்விக்குத் தத்து, தாய்வழிப் பெயர், இல்லறத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்று பதில்கள் உண்டு, தலைமுறைக்கு 1.3 சதவீதம் அப்படி நேர்ந்திருந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது என்றார் சைக்ஸ். பிறகு டூரி கிங், மார்க் ஜாப்லிங் என்ற இருவர் 2009-இல் நாற்பது பெயர்களை ஆராய்ந்தபோது, அரிய பெயர்களில் இந்த ஒற்றுமை பலமாகவும், ஸ்மித் போன்ற பெருவழக்கான பெயர்களில் அறவே இல்லாமலும் இருக்கக் கண்டார்கள். ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான். எல்லாக் கொல்லர்களும் ஒரு தாத்தாவின் பிள்ளைகள் அல்லர்.

இப்போது நம்முடைய பதிவேட்டுக்கு வருவோம். தமிழன் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளவில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லும் வழக்கம், விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் படிவம் நிரப்பி அலுத்தவர்களிடையே பெருகியிருக்கிறது. ஆனால் நம் முன்னோர் பெயரை வேறொரு வழியில் பரம்பரையாக்கி வைத்திருந்தார்கள். அதற்குச் சாட்சி நம் உறவுச்சொல்லிலேயே இருக்கிறது. மகனின் மகனைப் பேரன் என்கிறோம். பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதே பொருள். பேத்தியும் அப்படியே பெயர்த்தி. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கமாக இருந்த குடும்பத்தில் பெருமாளின் மகன் முனியாண்டி. முனியாண்டியின் மகன் பெருமாள். அவன் மகன் மறுபடியும் முனியாண்டி. ஆங்கிலேயரின் பெயர் நேர்கோட்டில் ஓடுகிறது. நம்முடையது கடிகாரத்தின் ஊசல்போல இருபுறமும் ஆடுகிறது. ‘பெருமாள் மகன் முனியாண்டி’, ‘முனியாண்டி மகன் பெருமாள்’ என்ற இரண்டே வரிகளில் ஒரு வம்சம் நூற்றாண்டுக் கணக்கில் தன்னைத் தானே எழுதிக்கொண்டிருக்க முடியும். இதைக் குடும்பப்பெயர் அன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு அறைகள் உள்ள குடும்பப்பெயர் என்றே சொல்வேன்.

இந்த முறையில் வேறொரு நியாயமும் உண்டு. கெடாவின் தமிழ்ப்பெண் மணமானபின்னும் பதிவேட்டில் தன் தகப்பன் மகளாகவே இருக்கிறாள். ஆங்கிலப் பெண்ணோ சம்பிரதாயப்படி மணமேடையிலேயே தன் குலப்பெயரை இழந்துவிடுகிறாள். அண்டை வீட்டு மலாய்க்காரரின் ‘பின்’, ‘பிந்தி’ என்ற முறையும் நம்முடையதைப் போன்றதே ஆகையால், இந்நாட்டு அரசாங்கக் காகிதங்களில் நாம் அந்நியப்பட்டுப் போகவில்லை. சீனரின் நிலை நேரெதிர். குலப்பெயரை முன்னே வைத்துச் சொந்தப்பெயரைப் பின்னே வைக்கும் அவர்கள், ஒரே குலப்பெயரோர் கூடும் சங்க மாளிகைகளைப் பினாங்கில் எழுப்பியிருக்கிறார்கள். இந்தியர்களிலேயே தெலுங்கர்கள் இண்டிபேரு என்னும் வீட்டுப்பெயரை முன்னெழுத்தாகக் காத்துவந்தார்கள். நகரங்களில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், முன்னோர் பெயர்களின் எழுத்துகளைக் கோத்த ‘விலாச’த்தைக் கடைக்கும் குடும்பத்துக்கும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள், தம் சமூகத்தின் ஒன்பது கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எழுத்தும் கணக்கும் கைவசமிருந்தவர்களுக்குப் பெயர் நிலைத்தது. பால் வெட்ட வந்தவர்களுக்கு எழுத்து பிறர் கையில் இருந்தது.

தமிழனுக்குக் கெடா புதிதன்று என்று பெருமைப்படுவோர், பட்டினப்பாலையில் வரும் காழகத்தையும், முதலாம் ராஜேந்திரன் 1025-இல் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பியதையும், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அஸ்திவாரங்களையும் காட்டுவார்கள். வாஸ்தவம். ‘கடாரங்கொண்டான்’ என்பது சோழனுடைய விருதுப்பெயராயிற்று. வென்ற ஊர் வென்றவனின் பெயருக்குள் புகுந்தது. ஆனால் தொள்ளாயிரம் ஆண்டு கழித்து நாகப்பட்டினத்திலிருந்து அதே கடலைக் கடந்து பினாங்கில் இறங்கியவர்களின் பெயருக்குள் எந்த ஊரும் புகவில்லை. 1909-இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு வந்த கெடாவில் ரப்பர் வேகமாகப் பரவிற்று; 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட, கங்காணி தன் ஊருக்குத் திரும்பிப்போய் உற்றார் அயலாரைத் திரட்டிவரும் முறையே பிரதானமாயிற்று. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஒரு தரம், தோட்டத்துச் செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் ஒரு தரம், 1948-இல் அவசரகாலத்தில் எல்லோருக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டபோது ஒரு தரம் என்று, ஒருவனுடைய பெயர் மூன்று கைகளால் எழுதப்பட்டது; எழுதியவன் காதில் விழுந்ததே பெயர். லக்ஷ்மி என்பவள் தன்னை லெச்சுமி என்று சொல்லிக்கொண்டாள். எழுதியவரும் அந்த உச்சரிப்பையே ஆங்கில எழுத்தில் இறக்கினார். சம்ஸ்கிருதத்தின் ‘க்ஷ’ இன்றிக் கிராமத்தின் ‘ச்ச’ அடையாள அட்டையில் கல்வெட்டாயிற்று. பிழை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கிராமத்து வாய்மொழியை இத்தனை உண்மையாகப் பதிந்த ஆவணம் தமிழ்நாட்டிலேயே சுலபமாகக் கிடைக்காது.

விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கிராணி என்னும் கணக்கர் பெயர் கூப்பிடும்போது மூன்று முனியாண்டிகள் ஒரே குரலில் பதில் சொன்னால் என்ன செய்வது? லயத்து ஜனங்கள் அதற்கு வழி கண்டார்கள். பெரிய முனியாண்டி, குட்டை முனியாண்டி, கோணக்கால் முனியாண்டி. பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிராமத்தில் நடந்ததும் அட்சரம் பிசகாமல் இதுவேதான். குரூக்‌ஷாங்க் என்று கௌரவமான ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர் உண்டு. கோணக்கால் என்பதே அதன் பொருள். அங்கே அந்தக் கேலி வரிப்பட்டியலில் ஏறி, பேரன் காலில் கோணல் இல்லாதபோதும் தொடர்ந்தது. இங்கே கேலிப்பெயர் செக்ரோலில் ஏறவில்லை. ஆட்களைப் பிரித்தறிய நிர்வாகத்திடம் எண்ணும் இருந்தது, தகப்பன் பெயரும் இருந்தது. பட்டப்பெயர் அதன் சொந்தக்காரனோடு மாண்டது. கெடாவின் லயங்களில் குடும்பப்பெயர்கள் பிறக்கும் தறுவாயில் இருந்தன என்றும், காகிதம் முந்திக்கொண்டது என்றும் சொன்னால் மிகையாகாது.

அப்படியானால் பாட்டன் வந்த ஊரைப் பெயரிலிருந்து அறிய வழியே இல்லையா? உண்டு, அந்த வழி குடும்பப்பெயரில் இல்லை, இட்ட பெயரிலேயே இருக்கிறது. தமிழன் பிள்ளைக்குத் தெய்வத்தின் பெயரை வைத்தான். அவன் தெய்வமோ ஊரை விட்டு நகராதது. ஏகாம்பரம் என்றால் காஞ்சியின் வாடை, தணிகாசலம் என்றால் திருத்தணி, முனுசாமி என்றால் செங்கற்பட்டும் வடாற்காடும், தருமனும் துரோபதையும் அஞ்சலையும் தென்னாற்காட்டின் தீமிதிக் களங்களைச் சுட்டுவார்கள், செங்கோடன் சேலத்துக்காரன், வைத்திலிங்கமும் சாமிநாதனும் தியாகராசனும் காவிரியின் கடைமடையில் நிற்பார்கள், கருப்பையா புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்தவர், சுடலைமுத்துவும் இசக்கியும் வந்தால் திருநெல்வேலியைத் தவிர வேறெங்கும் தேடவேண்டாம். ஒரு பெயர் தனியே சாட்சி சொல்லாது. மதுரைக்காரனும் திருத்தணிக்கு நேர்ந்துகொண்டிருக்கலாம். ஆறுமுகம், பெருமாள் போன்றவை எங்கும் உள்ளவை. ஆனால் ஒரே லயத்தின் முதல் தலைமுறைப் பெயர்களை முப்பது, நாற்பதாகச் சேர்த்து அடுக்கினால், அந்தத் தோட்டத்துக் கங்காணி எந்த ஜில்லாவுக்குப் போய் ஆள் திரட்டினான் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே ஊகித்துவிடலாம். திருச்சி, தஞ்சை, சேலம், இரு ஆற்காடுகள், செங்கற்பட்டு என்னும் ஜில்லாக்களே மலாயாவுக்கு மிகுதியான ஆட்களை அனுப்பியவை என்பதும் இந்த ஊகத்துக்குத் துணை நிற்கிறது. ஆங்கிலேயன் ஊரைப் பெயராக்கிக்கொண்டு தெய்வத்தை மறந்தான். நம்மவன் தெய்வத்தைப் பெயராக்கி, ஊரை அதற்குள் ஒளித்துவைத்தான்.

ஊசல் ஆட்டம் எங்கே நின்றது என்பதையும் சொல்லவேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் இடுவதை விடும்படி தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். 1935-இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் பெயர் இன்று பீடோங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. சீர்திருத்தக் காற்று பட்ட குடும்பங்களில் பிள்ளைகள் இளங்கோவாகவும் தமிழ்ச்செல்வியாகவும் பிறந்தார்கள். சாதிப்பட்டம் போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. வருத்தம் இருக்கவும் கூடாது. ஆனால் ஆராய்ச்சியாளன் என்ற முறையில் ஒன்றைக் குறித்துவைக்கவேண்டும்: பாட்டன் பெயர் நாட்டுப்புறத்தின் வாடை வீசுவதாகப் பேரனுக்குத் தோன்றிய அன்று, பெயரன் என்ற சொல் பொருளிழந்தது. சினிமாவும் சோதிட எழுத்தும் பிறகு வந்து மிச்சத்தையும் கலைத்தன. 1938-இல் கூலியாட்களின் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டதால், ஊரிலிருந்து புதிய ஆட்களோடு பழைய பெயர்கள் வருவதும் நின்றிருந்தது.

முன்பு சொன்ன ஹார்வர்ட் தோட்டத்தில்தான், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. அதன் தலைவர் ஏ. எம். சாமி. 1947 மார்ச்சில் போலீஸாரோடு மோதலும் நிகழ்ந்தது. சரித்திர நூல்கள் அவரை அந்த இரண்டு எழுத்தாலும், எவருக்கும் பொருந்தக்கூடிய அந்த ஒரு சொல்லாலுமே குறிக்கின்றன. சந்ததியற்ற ஜான் ஹார்வர்டின் மூதாதையரைச் சதர்க்கின் மாதாகோயில் பதிவேடுகளில் தேடிப் பிடிக்கலாம். அவர் பெயரைத் தாங்கிய மண்ணில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிய தலைவரின் பெயரோ முன்னெழுத்துகளுக்குள் சுருண்டு கிடக்கிறது.

பெயர் விட்ட இடத்தைக் குலதெய்வம் பிடித்துக்கொண்டது என்பதையும் விடுவதற்கில்லை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுவோர் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. தந்தை வழியில் மட்டும் இறங்குவதாலும், மணத்துக்கு எல்லை வகுப்பதாலும், குலதெய்வம் குடும்பப்பெயரின் வேலையை முழுவதும் செய்கிறது. சைக்ஸின் சோதனையை நம்மிடையே நடத்துவதானால், ஒய் குரோமோசோமைப் பெயரோடு அன்று, குலதெய்வத்தோடுதான் ஒப்பிடவேண்டும். டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் 1875-இல், ஒரே குடும்பப்பெயருள்ள ஆணும் பெண்ணும் மணந்துகொண்ட எண்ணிக்கையிலிருந்து இங்கிலாந்தில் நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்களைக் கணக்கிடலாம் என்று காட்டினார். அந்த முறையை நம்மிடம் பிரயோகித்தால் வேடிக்கையான விடை கிடைக்கும். நாம் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்போம். சிற்றப்பன் மகளோ தங்கை. முறைப்பெண் எப்போதும் வேறு தந்தைவழியாள். ஆகவே ஊர் முழுதும் உறவுக்குள்ளேயே மணந்திருந்தாலும் ஜார்ஜ் டார்வினின் கணக்கு ‘உறவுத் திருமணம் இல்லை’ என்றே கூறும்.

கெடாவில் அந்தக் குலதெய்வமும் மங்கிவருகிறது. பல ஜில்லாக்காரர் ஒரே லயத்தில் கலந்தபோது தோட்டத்துக்குப் பொதுவாக மாரியம்மன் கோயில் எழுந்தது. அவரவர் குலதெய்வம் மரத்தடியில் ஒரு கல்லாகவும் சூலமாகவும் ஒதுங்கியது. தோட்டம் விற்கப்பட்டு, குடும்பங்கள் சுங்கைப்பட்டாணியின் அடுக்குவீடுகளுக்குக் குடிபெயர்ந்தபின், கல்லை எடுத்துப்போக இடம் எங்கே? வேர் தேடி இன்று தமிழ்நாட்டுக்குப் புறப்படும் இளைஞர்கள் முதலில் கேட்பது பாட்டியிடம், ‘நம்ம சாமி எது?’ என்பதைத்தான். பெயரைக் கேட்பதில்லை. கேள்வி சரியான கேள்வியே, பாட்டிக்கு நினைவிருக்கும்வரை.

இதற்கிடையில் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் பிறந்த பிள்ளைகள் மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாக மெல்போர்னுக்கும் லண்டனுக்கும் போகிறார்கள். அங்கே படிவத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட முடியாது. முனியாண்டியின் மகன் குமார் அதில் முனியாண்டி என்று எழுதுகிறான். அவன் மனைவியைப் பள்ளிக்கூடத்தில் மிஸஸ் முனியாண்டி என்று மாமனார் பெயரால் அழைக்கிறார்கள். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள். அவனுக்குப் பிறக்கும் மகனும் முனியாண்டி; பேரனும் முனியாண்டி. கெடாவிலேயே தங்கிவிட்ட அவன் தம்பி செல்வத்தின் பிள்ளைகளோ செல்வத்தின் மக்கள். அவர்களுடைய பிள்ளைகளின் சாய்கோட்டுக்கு அப்பால் செல்வமும் இருக்கமாட்டான். இரண்டு தலைமுறைக்குள் அண்ணன் தம்பி வம்சங்களுக்குப் பெயரில் ஒரு தொடர்பும் இராது. மெல்போர்னின் தொலைபேசிப் பட்டியலில் மட்டும், குவாலா கெட்டிலில் பால் வெட்டிய ஒரு மனிதனின் பெயர், அவனைக் கண்டறியாத பிள்ளைகளின் பெயராக இறங்கிக்கொண்டிருக்கும். ஸ்பே ஆற்றங்கரையை விட்டுப் போன ஒருவனுக்குப் பாடெனோக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் ஏறக்குறைய இப்படித்தான்.